45,000 சபை என்று சொல்கிறவர்களுக்கு

"பைபிள் மட்டும் போதும் என்று போனவர்கள் இன்று 45,000 துண்டு." நேற்று ராத்திரி எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மறுபடியும் இது வந்தது. போட்டவர் அத்தான், ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) குடும்பம். நாங்கள் பெரம்பூரில் மூன்று தலைமுறையாக சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை, அவர் சொல்கிற அந்த புராட்டஸ்டண்ட் பக்கம்.

அத்தான், அந்த எண் எப்படி வந்தது என்று ஒரு தடவை பாருங்கள். டேவிட் பாரெட் என்ற ஆங்கிலிக்கன் குருவானவர் 1982ல் கொண்டுவந்த உலகக் கிறிஸ்தவக் கலைக்களஞ்சியத்தில் தொடங்கிய கணக்கு இது. அதில் ஒவ்வொரு நாட்டிலும் இருக்கிற சபை தனித்தனியாக எண்ணப்படும். ஒரே சபை பத்து நாட்டில் இருந்தால் பத்து. அதனால் 2001 பதிப்பில் கத்தோலிக்கத் திருச்சபையே 242 என்று வருகிறது! போப்பாண்டவர் ஒருவர்தானே? அந்தப் பதிப்பின் மொத்தக் கணக்கான 33,000 சொச்சத்திலும் பாதிக்கு மேல் சுயாதீன சபைகள், அந்தக் கலைக்களஞ்சியமே புராட்டஸ்டண்ட் என்று சேர்க்காதவை.

சேர்ந்த கதையையும் யாராவது சொல்லுங்கள். 1947 செப்டம்பர் 27, இதே சென்னையில், செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், ஏற்கெனவே இணைந்திருந்த பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் எல்லாரும் ஒன்றாகித்தான் சி.எஸ்.ஐ. பிறந்தது.

சரி, அதற்காக எங்கள் பக்கம் சுத்தம் என்று சொல்ல மாட்டேன். பணத்தகராறில் பாஸ்டரோடு இருபது குடும்பம் கிளம்பி, பக்கத்துத் தெரு மாடியில் புதுப் பலகை மாட்டியதை நானே பார்த்திருக்கிறேன். அதைவிட மோசம், ஒரே சபை, ஒரே குருவானவர், ஆனால் கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கு ஒரு மூலை என்று வைத்திருக்கிற ஊர்கள் நம் தமிழ்நாட்டில் இரண்டு தரப்பிலும் உண்டு. அது எந்தக் கணக்கிலும் வராது, ஏனென்றால் பலகை ஒன்றுதான். பலகையை எண்ணிப் பிரிவினையை அளக்க முடியாது என்றுதான் நான் கத்திக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் தங்கை கல்யாணப் பூசை ஞாபகம் இருக்கிறதா? நற்கருணைக்கு எல்லாரும் வரிசையில் போனபோது அம்மாவும் பழக்கத்தில் முக்காட்டை இழுத்துவிட்டு எழுந்துவிட்டார்கள். எழுபத்துநாலு வயது, அறுபது வருஷமாக எங்கள் சபையில் திருவிருந்து (நற்கருணைக்கு நாங்கள் சொல்லும் பெயர்) எடுக்கிறவர்கள். பின்னாலிருந்து யாரோ முந்தானையைப் பிடித்து, "நீங்க வாங்கக் கூடாதும்மா" என்றார்கள், ஆர்.சி. இல்லையே என்று. உட்கார்ந்துவிட்டார்கள். அந்த நீள பெஞ்சில் நாங்கள் ஐந்து பேர் மட்டும். மதியம் பந்தியில் அம்மா சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

45,000ஐ விடுங்கள் அத்தான். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாங்க, அந்த பெஞ்சைப் பற்றி அம்மாவோடு உட்கார்ந்து பேசுவோம்.