விரல் சரியாகத்தான் விழுகிறது, சத்தம்தான் வரமாட்டேன் என்கிறது

நேற்று ஒரு கல்யாண ரிசப்ஷனில் கச்சேரி. இரண்டாவது பாட்டின் இன்டர்லூடில் வயலின்கள் மொத்தமாக வந்து விழ வேண்டிய இடம். தாளம் விழுந்தது, என் விரலும் விழுந்தது. சத்தம் மட்டும் ஆற அமரப் பின்னால் நடந்து வந்தது. தபேலாக்காரர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள்! இருபது வருடமாகக் கீபோர்டு வாசிக்கிறவன் நான். நேற்றுச் சேர்ந்த பையனைப் பார்ப்பது போல அப்படி ஒரு பார்வை.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நீங்கள் சிரிக்கலாம். ராத்திரி ஒன்றரை மணிக்கு வீட்டுக்கு வந்து அந்த ஸ்டிரிங்ஸ் சாம்பிளை, அதாவது கட்டையை அமுக்கினால் ஒலிக்கும் வயலின் கூட்டத்தின் ஒலிப்பதிவை, லேப்டாப்பில் திறந்து பார்த்தேன். கூடம் நிஜமாகவே கோணல்தான். தொடக்கத்தில் 38 மில்லிசெகண்ட் வெறும் மௌனம். அப்புறம் வில் தந்தியில் ஏறி, ஒலி நிமிர்ந்து நிற்க இன்னும் ஒரு 70. நிமிடத்துக்கு 120 பீட் போகும் டெம்போவில் ஒரு பீட்டே 500 மில்லிசெகண்ட்தான், அதில் கால்வாசி 125. கிட்டத்தட்ட அந்தக் கால்வாசி அளவுக்கு நான் பின்தங்கி நிற்கிறேன். பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவருக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

காசு கொடுத்து வாங்கிய சாம்பிள் ஐயா இது! விற்றவரைக் கேட்டால், "ஸ்டுடியோவுல யாரும் கம்ப்ளெயின்ட் பண்ணலையே சார்" என்கிறார். எப்படிப் பண்ணுவார்கள்? அங்கே பதிவான ட்ராக்கைத் திரையில் பிடித்து இடதுபக்கம் கொஞ்சம் இழுத்து விட்டால் சத்தம் முன்னால் வந்துவிடும், வேலை முடிந்தது. மேடையில் எதைப் பிடித்து இழுப்பது? நான் கட்டையை அமுக்குவதற்கு முன்னாலேயே சத்தம் வர எந்த மெனுவில் வழி வைத்திருக்கிறார்கள்? தாமதத்தைக் கூட்டத்தான் குமிழ் உண்டு, கழிக்கக் கிடையாது.

உடனே ஆளுக்கு ஒரு வைத்தியம் சொல்ல வந்துவிடுவார்கள். "லேட்டன்சியா இருக்கும், பஃபரைக் குறைங்க." லேட்டன்சி என்றால் கருவிக்குள் ஆகும் தாமதம், பஃபர் என்றால் சத்தத்தை வெளியே விடுமுன் சேர்த்து வைக்கும் அளவு. நொடிக்கு 44,100 ஒலித் துணுக்குகள் போகும்போது 256 துணுக்கு பஃபர் என்றால் 6 மில்லிசெகண்ட்கூட இல்லை. ஸ்பீக்கரிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நின்றாலே சத்தம் காதுக்கு வர அவ்வளவு நேரம் ஆகும். எந்தக் கட்டை அமுங்கியது என்று கருவிக்குச் சொல்லும் மிடி கேபிளில் ஒரு சுரம் போய்ச் சேர 1 மில்லிசெகண்ட். திருடன் அங்கே இல்லை. "அட்டாக்கை ஜீரோ பண்ணுங்க." ஒலி எவ்வளவு மெல்ல எழ வேண்டும் என்கிற அந்த அமைப்பை ஜீரோ பண்ணித்தான் வைத்திருக்கிறேன். கதவைத் திறந்து வைத்தால் போதுமா, உள்ளே தூங்குகிறவர் எழுந்து வர வேண்டாமா?

"கொஞ்சம் முன்கூட்டியே அமுக்குங்க" என்பவரைத்தான் என்னால் தாங்கவே முடியவில்லை. பெரிய தேவாலயங்களில் பைப் ஆர்கன் வாசிப்பவர்கள் அப்படிப் பழகிக்கொள்வது உண்டு, சரி. எனக்கு ஒரே பாட்டில் பியானோ உடனே வரும், புல்லாங்குழல் 30 தள்ளி வரும், ஸ்டிரிங்ஸ் நூறு தாண்டி வரும். பியானோவையும் ஸ்டிரிங்ஸையும் லேயர் போட்டு ஒரே விரலில் வாசிக்கும்போது யாருக்காக முந்துவது?

கொடுமையின் உச்சம் இனிமேல்தான். அந்த 38 எல்லாச் சாம்பிளிலும் 38 இல்லை. அமுக்கும் வேகத்துக்கு ஒன்றாக ஒரே சுரத்துக்குத் தனித்தனிப் பதிவுகள், அதற்கும் லேயர் என்றுதான் பெயர். மெதுவாக அமுக்கினால் வரும் லேயரில் 38, ஓங்கி அமுக்கினால் 12. கோபமாக வாசித்தால் சீக்கிரம் வரும், மென்மையாக வாசித்தால் தாமதமாக வரும். இதைச் செய்தவர் ஒருநாளாவது மேடையில் உட்கார்ந்து வாசித்திருப்பாரா?

ஆக, ஒவ்வொன்றாக நானே வெட்ட வேண்டியதுதான். அலை பூஜ்யக் கோட்டைத் தொடும் இடம் பார்த்து வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு சுரத்துக்கும் 'டக்' என்று அடிக்கும். ஒலி மெல்ல ஏற 2 மில்லிசெகண்ட் ஃபேடு வைக்க வேண்டும். கொஞ்சம் பேராசைப்பட்டு அதிகம் வெட்டினால் வில் உரசுகிற அந்தச் சின்ன உயிரும் போய், வயலின் ஆர்மோனியம் மாதிரி ஆகிவிடுகிறது. வெட்டு, அமுக்கு, கேள், மறுபடி பழையபடி ஆக்கு. மூன்று கட்டைக்கு ஒரு சாம்பிள், அதிலும் மூன்று லேயர். மொத்தம் அறுபதுக்கு மேல்.

இதுவரை 23 முடிந்திருக்கிறது. சனிக்கிழமை கோயில் கச்சேரி. ஷெனாயை இன்னும் திறந்துகூடப் பார்க்கவில்லை.