ஸ்பிரிங்கை மாற்றும் முன் கன்ட்ரோல் ஆர்மைக் கவனியுங்கள்

1965 ஃபோர்டு மஸ்டாங் காரை ரேஸ் டிராக்கில் ஓட்ட விரும்புவோர் முதலில் கடினமான ஸ்பிரிங்குகளைப் பொருத்த வேண்டும் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தக் காரின் அடிப்படைக் குறை முன்சக்கரத்தைக் காரின் உடலோடு இணைக்கும் மேல் கன்ட்ரோல் ஆர்ம் பொருத்தப்பட்டிருக்கும் உயரத்தில்தான் இருக்கிறது. வளைவில் கார் சாயும்போது வெளிப்பக்கச் சக்கரமும் கூடவே சாய்ந்துவிடுவதால், பாரம் முழுவதும் டயரின் வெளி விளிம்பில் இறங்கி, நடுப்பகுதி புதிதாக இருக்கும்போதே அந்த விளிம்பு மட்டும் மொட்டையாகத் தேய்ந்துவிடும். ஃபோர்டு பொறியாளர் கிளாஸ் ஆர்னிங் வகுத்த வழியில், மஸ்டாங்கின் வேகம் கூட்டப்பட்ட வடிவமான 1965 ஷெல்பி ஜி.டி. 350 கார்களில் அந்த ஆர்மைப் பிணைக்கும் துளைகள் 1 அங்குலம் கீழே இறக்கப்பட்டன; 1966 மாடலின் இடையில் செலவு கருதிக் கைவிடப்பட்ட இந்த அருமையான மாற்றத்தை, சரியான டெம்ப்ளேட்டும் டிரில் மெஷினும் இருந்தால் இன்றும் குறைந்த செலவில் செய்துகொள்ளலாம்.

அடுத்தது அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோண அமைப்பு. தொழிற்சாலை அளவுகள் அக்காலத்துப் பயஸ் பிளை (உள் இழைகள் சாய்வாகக் குறுக்கிடும்) டயர்களுக்கானவை. இன்றைய ரேடியல் டயர்களுக்கு நெகட்டிவ் கேம்பரும் (சக்கரத்தின் மேல்பகுதி உள்நோக்கிச் சாய்வது) கூடுதல் பாசிட்டிவ் காஸ்டரும் (ஸ்டீயரிங் அச்சின் மேல்முனை பின்னோக்கிச் சாய்வது) அவசியம்.

பின்பக்க லீஃப் ஸ்பிரிங் (பட்டை வில்) முறுக்கிக்கொள்வதைத் தடுக்க டிராக்ஷன் பார் போதும். அங்கே, கார் சாய்வதைக் குறைக்கும் ஆன்டி ரோல் பாரைத் தடித்ததாகச் சேர்த்தால், வளைவிலிருந்து வெளியேறும்போது உட்சக்கரம் பிடிமானமின்றி வீணாகச் சுழலும்.