மாம்பழ ஈயால் ஆண்மை போகுமா?

சேலத்தில் மாம்பழ சீசன் களைகட்டியதும் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது: “பழத்தில் மொய்க்கும் ஈயின் விந்தணு 6 செ.மீ. நீளம். விஞ்ஞானிகள் மரபணுவை மாற்றிவிட்ட ஈ இது. அது உட்கார்ந்த பழத்தைத் தின்றால் ஆண்மை போய்விடும்.” இது பொய்.

நீளக் கணக்கு மட்டும் எங்கிருந்தோ எடுத்து ஒட்டியது. ட்ரோசோபிலா பைஃபர்கா என்ற ஈயின் விந்தணு சுமார் 5.8 செ.மீ. இருக்கும், நூல் உருண்டை போலச் சுருண்டிருக்கும். அது அமெரிக்கக் கண்டத்து ஈ. ஆய்வகங்களில் அதிகம் வளர்க்கும் ட்ரோசோபிலா மெலனோகாஸ்டரின் விந்தணு 2 மி.மீ.கூட இல்லை. எதுவானாலும் அது சேருமிடம் பெண் ஈயின் உடல், பழம் அல்ல.

ஈயின் மரபணுவை மாற்றும் ஆய்வில் நடப்பது இதுதான். ஆண் ஈயின் விரையில் ஒரு செல் நான்கு முறை பிரிந்து 16 ஆகிறது. பிறகு குன்றல் பிரிவில் (குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் செல் பிரிவு) ஒவ்வொரு செல்லும் நான்காகி மொத்தம் 64 ஆகி, ஒவ்வொன்றும் வால் நீண்டு விந்தணுவாகிறது. ஒரு மரபணுவை முடக்கினால் வேலை எந்தப் படியில் நிற்கிறது என்று பார்க்கிறார்கள். ஒய் குரோமோசோம் இல்லாத ஆண் ஈ உயிர் வாழும், ஆனால் மலடாக இருக்கும் என்று அமெரிக்க மரபியல் ஆய்வாளர் கால்வின் பிரிட்ஜஸ் 1916-லேயே காட்டினார். மலடாவது அந்த ஈதான். தின்பவருக்கு அது தொற்றாது. ஈயின் மரபணு வயிற்றுக்குள் போனால் மற்ற உணவைப் போலச் செரித்துவிடும்.

குண்டு மாம்பழத்துக்குள் நெளியும் புழு வேறு குடும்பத்து ஈயினுடையது. அருவருப்பாக இருந்தால் பழத்தை ஒதுக்குங்கள். ஆண்மைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. குழந்தைக்காக ஏங்கும் தம்பதிகளின் கைபேசிக்கும் இந்தச் செய்தி போகிறது, தயவுசெய்து அனுப்பாதீர்கள்.