மீட்டர் சிவப்பை ஒட்டி நின்றால்தான் நல்ல பதிவா?

“குரலைப் பதிவு செய்யும்போது மீட்டர் 0-வை (டிஜிட்டல் ஒலியின் உச்ச வரம்பை) ஒட்டி இருக்க வேண்டும், இல்லையேல் தரம் குறையும். அதிகமாகிவிட்டால் மிக்ஸிங்கில் ஃபேடரை (ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் சறுக்குப் பொத்தானை) இறக்கிக்கொள்ளலாம்” என்று ஒரு குறிப்பு சுற்றி வருகிறது. இரண்டுமே தவறு.

முதல் பாதி 16 பிட் (ஒலியின் ஒவ்வொரு மாதிரியையும் எத்தனை பைனரி இலக்கத்தில் எழுதுவது என்ற அளவு) காலத்து அறிவுரை. 24 பிட்டில் ஒவ்வொரு பிட்டும் சுமார் 6 டிபி (டெசிபல்). கணக்குப்படி மொத்தம் 144 டிபி. உச்சம் -12-இல் நின்றால் இழப்பது 2 பிட் மட்டுமே. அறை இரைச்சலும் மைக் ப்ரீஆம்ப் (மைக்கின் சிறு சிக்னலைப் பெரிதாக்கும் கருவி) இரைச்சலும் 24 பிட்டின் அடிமட்டத்துக்கு வெகு மேலேயே இருக்கும். சராசரி -18, உச்சம் -10 முதல் -6 வரை போதும்.

இரண்டாவது பாதிதான் ஆபத்து. கன்வெர்ட்டரில் (ஒலியை எண்களாக மாற்றும் கருவியில்) கிளிப் ஆன, அதாவது வரம்பைத் தாண்டிய, அலையின் முகடு வெட்டுப்பட்டுப் பதிவாகிறது. ஃபேடரை இறக்கினால் அதே சிதைவு குறைந்த ஒலியில் கேட்கும், அவ்வளவுதான்.

கிளிப் ஆகாவிட்டாலும் சிக்கல் உண்டு. ஃபேடர், டிராக்கில் செருகும் ஒலி மாற்றும் மென்பொருள்களான இன்சர்ட் பிளகின்களுக்குப் பிறகு வருவது. உரத்த ஒலியை அமுக்கும் கம்ப்ரஸர் பிளகினில் திரெஷோல்ட் (அமுக்கத் தொடங்கும் அளவு) -20, ரேஷியோ (அதைத் தாண்டிய ஒலியை அமுக்கும் விகிதம்) 4:1, குரல் உச்சம் -3 என்றால் கிட்டத்தட்ட 13 டிபி அமுங்கும். ஃபேடரை எவ்வளவு இறக்கினாலும் அது மாறாது. கிளிப் கெயினை (பிளகின்களுக்கு முன்பே, பதிவுத் துண்டின் ஒலி அளவை மாற்றும் அமைப்பை) 9 டிபி குறைத்துப் பாருங்கள்: 6 டிபி மட்டுமே அமுங்கும், குரல் மூச்சு விடும்.

கெயினை முதலில் சரிசெய்தால் ஃபேடர் 0-க்கு அருகிலேயே நிற்கும். அங்கே சிறு அசைவு அரை டிபி, ஒரு டிபிதான். அடிப்பகுதியில் அதே அசைவு பல டிபி தாவிவிடும்.