ஷ்ரேபர்கார்ட்டன்: பெயர் ஒருவருடையது, தோட்டம் மற்றொருவருடையது

ஜெர்மன் நகரங்களில் குடும்பங்கள் குத்தகைக்கு எடுத்துப் பயிரிடும் சிறு தோட்டத்தைக் குறிக்கும் ‘ஷ்ரேபர்கார்ட்டன்’ என்ற சொல்லை விளக்கியுள்ள ஒரு கட்டுரை, அத்தோட்டங்களை மருத்துவர் மோரிட்ஸ் ஷ்ரேபரே உருவாக்கினார் என்கிறது. இது திருத்தப்பட வேண்டும். சிறுவர்களின் உடற்பயிற்சியை வலியுறுத்தி எழுதிய ஷ்ரேபர் 1861இல் காலமானார். லைப்சிக் நகரப் பள்ளித் தலைமையாசிரியர் எர்ன்ஸ்ட் ஹவுஷில்ட் 1864இல் பெற்றோருடன் சேர்ந்து ஒரு சங்கத்தைத் தொடங்கியபோது, மறைந்தவரின் நினைவாக அவர் பெயரை அதற்குச் சூட்டினார். சங்கம் முதலில் அமைத்ததோ விளையாட்டுத் திடல்தான். அத்திடலின் ஓரத்தில் கார்ல் கெசல் என்ற ஆசிரியர் பிள்ளைகளுக்காகப் போட்ட பாத்திகளே, அவர்களின் ஆர்வம் குன்றியதும் பெற்றோர் கைக்கு வந்து, நாளடைவில் வேலியடைத்த குடும்பத் தோட்டங்களாயின. ஆகவே, கெசலின் பெயரையும் அக்கட்டுரையில் சேர்ப்பதே நியாயம் என்று கருதுகிறேன்.