முன்னால் நிற்கிறவன் கையில் கேடயம் இருக்கட்டும்

போன சனிக்கிழமை ராத்திரி கணினியில் நாலு பேர் கூட்டாக ஆடும் ஆட்டம் முடிந்து மதிப்பெண் பலகை வந்ததும் சிங்கப்பூரில் இருக்கிற சித்தப்பா மகன் கேட்டான். “அண்ணே, நீங்க வெட்டுனது நூத்திப் பத்துதான். நான் முந்நூத்திச் சொச்சம். அந்தக் கேடயத்தைக் கீழ போட்டுட்டு நீங்களும் பெரிய வாளை எடுங்கண்ணே. சீக்கிரம் முடிச்சிரலாம்.”

அவன் மரியாதையாகத்தான் கேட்டான். இங்கே பத்தரை, அவனுக்கு ஒரு மணி. தூங்கப் போகட்டும் என்று நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறைக்குப் போகும்போதும் வரும்போதும் இந்த வாரம் முழுக்க அதே நினைப்பு. அவனுக்குச் சொல்ல வேண்டியதை இங்கேயே எழுதிவிடுகிறேன். கூட்டாக ஆடும் ஆட்டங்களில் கிட்ட நின்று சண்டை போடும் ஆளை எடுக்கிற எல்லாருக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன்.

நாங்கள் ஆடுவது வெர்மின்டைடு 2. ஸ்வீடனில் இருக்கும் ஃபேட்ஷார்க் நிறுவனம் 2018 மார்ச்சில் வெளியிட்ட ஆட்டம். நாலு பேர் ஒரு குழு. எலி மனிதர்களான ஸ்கேவன் படையும் கேயாஸ் படையும் கும்பல் கும்பலாக வரும். அதைத் தாண்டி வரைபடத்தின் கடைசிக்குப் போய்ச் சேர வேண்டும். 2022 நவம்பரில் ஸ்டீமில் சில நாள் இலவசமாகக் கொடுத்தார்கள். அப்போதுதான் எங்கள் குடும்பத்துப் பையன்கள் எல்லாரும் எடுத்தோம். காரைக்குடியில் நான், சென்னையில் அத்தை மகன், கோயம்புத்தூரில் படிக்கிற தம்பி, சிங்கப்பூரில் இவன். பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்த நாலு பேர் இப்போது வாரா வாரம் பேசுகிறோம்.

ஆட்டத்தில் வரும் வீரர்களில் நான் எடுப்பது மார்கஸ் குரூபர். அவனுக்குச் சண்டை வேடங்கள் உண்டு; முதலில் மெர்சினரி, 7-ஆம் லெவலில் ஹன்ட்ஸ்மேன், 12-ஆம் லெவலில் ஃபுட் நைட் என்று வரிசையாகத் திறக்கும். நான் ஃபுட் நைட்டிலேயே நின்றுவிட்டேன். அவன் பக்கத்தில் இருக்கும் கூட்டாளிகளுக்கு அடி குறைவாக இறங்கும். அந்தக் குணம் அவனோடு கூடப் பிறந்தது. கூட்டத்துக்குள் முட்டிப் பாயும் ஒரு சிறப்புத் திறனும் உண்டு.

என் கருத்து இதுதான். கிட்ட நின்று சண்டை போடும் ஆளைக் கட்டும்போது தாங்கும் சக்தியிலிருந்து தொடங்க வேண்டும். டேமேஜ் கடைசியில் வரட்டும். ஆளுக்கு என்ன ஆயுதம், என்ன திறமை போடலாம் என்று இணையத்தில் கிடைக்கும் பட்டியல்களில் (பில்டுகளில்) பாதி இதைத் தலைகீழாகச் சொல்கின்றன. முதல் வரியிலேயே எதிரி மேல் எவ்வளவு கூடுதல் சக்தி, எத்தனை அடியில் ஒருவன் சாவான் என்ற கணக்கு. அந்தக் கணக்கு தப்பில்லை. ஆனால் அது நன்றாக ஆடப் பழகியவனுக்கு எழுதப்பட்டது. எப்போது விலக வேண்டும் என்று கைக்குத் தெரிந்தவனுக்குத் தற்காப்பில் மிச்சம் பிடித்து டேமேஜில் போட முடியும். புதிதாக வருகிறவன் அதை அப்படியே எடுத்துக்கொண்டு போனால் இரண்டாவது கும்பலில் விழுவான். முதல் நாலு மாதம் நானும் அப்படித்தான் விழுந்துகொண்டிருந்தேன்.

இந்த ஆட்டத்தில் எல்லாம் ஸ்டாமினாவில், அதாவது தடுக்கும் தெம்பில், இருக்கிறது. உயிர்க்கோட்டை எல்லாரும் பார்க்கிறார்கள், திரையில் தெரியும் அந்தச் சின்னக் கேடயங்களை யாரும் பார்ப்பதில்லை. ஒவ்வொரு தடுப்புக்கும் அதில் கொஞ்சம் போகும். கூட்டத்தைத் தள்ளினாலும் போகும். தலைக்கு மேலிருந்து ஓங்கி விழும் அடியைத் தடுத்தால் நிறையப் போகும். முகத்துக்கு நேரே வரும் அடியைத் தடுப்பதற்கு ஒரு விலை, பக்கவாட்டிலிருந்து வருவதைத் தடுப்பதற்கு இரட்டை விலை. எல்லாம் தீர்ந்த பிறகும் தடுத்துக்கொண்டே இருந்தால் தடுப்பு உடைந்து ஆள் தள்ளாடுவான். கும்பலுக்கு நடுவே அந்தத் தள்ளாட்டம் வந்தால் கதை முடிந்தது.

அதனால் நான் செய்வது: ஆயுதத்திலும் நெக்லஸிலும் தடுப்புச் செலவைக் குறைக்கும் பண்பு கிடைக்கும், 30 சதவீதம் வரைக்கும். முதலில் அதைப் போடுங்கள். கூட ஸ்டாமினாவைக் கூட்டும் பண்பு. நெக்லஸில் இன்னொரு இடம் மிச்சமிருந்தால் உயிரை 20 சதவீதம் கூட்டுவது. இந்த மூன்றும் இருந்தால் ஒரு கும்பலின் முதல் மோதலில் நீங்கள் அசையாமல் நிற்கலாம். முதல் மோதல்தான் முக்கியம். அதில் நின்றுவிட்டால் பின்னால் இருக்கிற மூன்று பேரும் கும்பலைச் சீவித் தள்ளிவிடுவார்கள்.

அடிக்கும் வேகம், கிரிட்டிக்கல் (எப்போதாவது விழும் பலத்த அடி) வாய்ப்பு எல்லாம் அடுத்தது. இரண்டிலும் 5 சதவீதம் போடலாம். கிரிட்டிக்கல் விழுந்தால் 5 நொடிக்கு வேகம் 20 சதவீதம் கூடும் ஸ்விஃப்ட் ஸ்லேயிங் எல்லாருக்கும் பிடித்த குணம். நல்லதுதான். ஆனால் கேடயக்காரனுக்கு நான் சொல்வது ஆஃப் பேலன்ஸ். நாம் யாருடைய அடியைத் தடுத்தோமோ, அவன் மேல் அடுத்த சில நொடிகள் விழும் அடி எல்லாம் கூடுதலாக இறங்கும். யார் அடித்தாலும் சரி. நான் தடுக்கிறேன், தம்பி வெட்டுகிறான், எலி சாகிறது. பலகையில் அந்தக் கொலை அவன் பெயரில் ஏறும். ஏறட்டுமே. திறமைப் பட்டியலில் புல்வார்க் என்று ஒன்று இருக்கிறது, அதுவும் இதே ஜாதி: நான் தள்ளாட வைத்த எதிரிக்கு மற்றவர்களின் கைவீச்சும் அதிகமாக வலிக்கும். 5 லெவலுக்கு ஒரு முறை திறமை தேர்ந்தெடுக்கச் சொல்லும்போது இப்படிப்பட்டவை கண்ணில் படவே மாட்டேன் என்கின்றன, ஏனென்றால் அவற்றின் பலன் நம் பெயரில் எழுதப்படுவதில்லை.

இதை யோசிக்கும்போது எனக்கு ஞாபகம் வருவது எங்கள் பக்கத்து வடமாடு. சிராவயல் மஞ்சுவிரட்டை எல்லாருக்கும் தெரியும். அது திறந்த வெளி, மாடு எந்தப் பக்கமும் போகும். வடமாடு வேறு. நடுவில் நட்ட கல்லில் நீண்ட வடத்தால் காளையைக் கட்டியிருப்பார்கள். குழுவுக்கு 9 பேர். ஒதுக்கிய நேரத்துக்குள் அடக்கினால் குழு ஜெயித்தது, இல்லையென்றால் மாடு ஜெயித்தது. சின்ன வயதில் எங்கள் ஐயா தோளில் உட்கார்ந்து பார்த்தபோது திமிலில் தொங்குகிறவன் மட்டும்தான் எனக்குத் தெரிந்தான். ஐயா தலையைத் திருப்பிக் காட்டினார். “அவனைப் பாக்காத. மூஞ்சிக்கு முன்னாடி நிக்கிறான் பாரு, அவனப் பாரு.” மாட்டின் கண்ணைத் தன் பக்கமே வைத்துக்கொண்டு, கொம்பு வருகிறபோது ஒரு அடி விலகி, மறுபடி அதே இடத்துக்கு வந்து நின்றுகொண்டிருந்தான் ஒருவன். அவன் மாட்டைத் தொடவே இல்லை. அவன் நின்றதால்தான் மற்றவன் பக்கவாட்டில் பாய முடிந்தது.

ஒரு அடி விலகி மறுபடி வருவது. வெர்மின்டைடிலும் விலகலுக்குக் கணக்கு உண்டு. ஆயுதத்தைப் பொறுத்து இத்தனை முறைதான் முழு தூரம் விலகலாம், அதற்கு மேல் போனால் கால் சுருங்கிவிடும். கத்தி, சின்ன வாள் வைத்திருப்பவனுக்கு அதிகம், கேடயக்காரனுக்குக் கம்மி. ஆகவே கேடயக்காரன் பின்னால் பின்னால் போய்க்கொண்டே இருக்கக் கூடாது. ஓங்கி வரும் அடிக்கு மட்டும் விலகு, மற்றதைத் தடு, தடுத்து முடித்ததும் தள்ளு, தள்ளிய கையோடு ஒரு அடி. இந்தத் தாளம் கையில் படிய எனக்கு ரொம்ப நாள் ஆனது. படிந்த பிறகு ஆட்டமே வேறாகிவிட்டது.

எங்கே நிற்பது என்பதைப் பற்றி நான் வீடியோவில் பார்த்ததை விட எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் பார்த்தது அதிகம். செட்டிநாட்டு வீட்டு அமைப்பு தெரிந்தவர்களுக்குப் புரியும். முகப்பிலிருந்து வளவு என்ற நடு முற்றம், அதைத் தாண்டி இரண்டாங்கட்டு, நிலைகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருக்கும். பந்தி உள்ளே நடக்கும். நிலை வாசலில் பெரியவர் ஒருவர் நிற்பார். அவர் இலை போட மாட்டார், சாம்பார் வாளி தூக்க மாட்டார். எத்தனை இலை காலியோ அத்தனை பேரை மட்டும் உள்ளே விடுவார். அவர் அரை நிமிஷம் நகர்ந்துபோனால் போதும், பரிமாறுகிறவர்கள் நடக்க இடமில்லாமல் பந்தி குலைந்துவிடும். கும்பல் வரும் கொம்புச் சத்தம் கேட்டதும் நான் தேடுவது அப்படி ஒரு நிலையைத்தான். ஒரு சந்து, ஒரு படிக்கட்டு, இரண்டு சுவருக்கு நடுவே ஒரு இடைவெளி. பக்கவாட்டு அடி வராத இடம். அங்கே நின்றால் தடுப்புக்கு ஒற்றை விலைதான். மூன்று பேர் என் தோளுக்கு மேலே வேலை பார்க்கலாம்.

தோளுக்கு மேலே என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். கடினம் கூடிய நிலைகளில் கூட்டாளி விடும் அம்பும் குண்டும் நம் மேலும் படும். சென்னை அத்தை மகன் வில் எடுப்பவன். வளரி என்ற வளைந்த எறிகோலை எறிந்த சிவகங்கைச் சீமைக்காரன் என்பதால் அவனுக்கு ‘வளரி’ என்றே பெயர் வைத்திருக்கிறோம். அவன் குறி வைக்கும் நேர்க்கோட்டில் நான் குறுக்கே பாய்ந்தால் என் முதுகு போகும், அவன் அம்பும் வீண். அதனால் கேடயக்காரன் இடம் வலம் அலையக் கூடாது, ஓரிடத்தில் நிற்க வேண்டும். எலித் துப்பாக்கிக்காரன் ராட்லிங் கன்னர் சரமாரியாகச் சுடும்போது கேடயத்தைத் தூக்கினால் குண்டு நிற்கும். அந்த நேரத்தில் மற்ற மூன்று பேரும் என் பின்னால் வந்துவிடுவது எங்கள் ஏற்பாடு.

கேடயத்துக்குக் குறை இல்லை என்று நான் சொல்லவில்லை. கனத்த கவசம் போட்ட கேயாஸ் வாரியரைக் கேடயமும் கதாயுதமும் வைத்துக்கொண்டு சாய்ப்பது நேரம் பிடிக்கும் வேலை. ராட்சத எலி வந்தாலும் அதே கதி. குழுவில் கவசம் துளைக்கிறவன் யாரும் இல்லாத நாளில் நான் ஹால்பெர்டு என்ற நீளக் கோடாரி ஈட்டியை எடுப்பேன். நீளம் இருக்கிறது, குத்து கவசத்துக்குள் போகும், சுழற்சி கும்பலுக்கு ஆகும். தடுப்பில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். எப்படி இருந்தாலும் இரண்டாவது ஆயுதமாக ஒரு நீளத் துப்பாக்கி வைத்துக்கொள்கிறேன். தூரத்தில் நிற்கும் ஒருவனை ஒரே குண்டில் இறக்க.

தனியாக முன்னால் ஓடுவதைப் பற்றிக் கோபமாகவே சொல்கிறேன். இந்த ஆட்டத்தில் பேக்மாஸ்டர் கொக்கி போட்டு இழுத்துக்கொண்டு போவான், கட்டர் ரன்னர் மேலே பாய்ந்து அமுக்குவான். மாட்டிக்கொண்டவன் தன்னைத் தானே விடுவித்துக்கொள்ள முடியாது. வேறொருவன் வந்தால்தான் உண்டு. ஆட்டத்தை உண்டாக்கியவர்கள் வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். அப்படியிருந்தும், தெரியாதவர்கள் குழுக்களில் சேரும்போது பெரிய வாளோடு நாற்பது அடி முன்னால் ஓடுகிறவனைத்தான் பார்க்கிறேன். விழுந்ததும் மற்ற மூவரையும் திட்டுகிறான். ஒருமுறை ஒருவன் என்னைப் பார்த்து, உன் கொலைக் கணக்கு கடைசி, நீ எதற்கு வந்தாய் என்று எழுதிவிட்டு வெளியேறினான். அன்றைக்கு அவனை மூன்று தடவை தூக்கிவிட்டிருந்தேன். மனசு நொந்துதான் போனது.

அந்தப் பலகையைக் கொஞ்சம் கீழே பாருங்கள் என்றுதான் அவனிடம் சொல்லியிருப்பேன். கொலை, சேதம் என்ற வரிகளுக்குக் கீழே வாங்கிய அடி, காப்பாற்றியது, தூக்கிவிட்டது என்றும் வரிகள் இருக்கின்றன. அதே பலகை, அதே எழுத்து அளவு.

சிங்கப்பூர்த் தம்பி, இப்போது உனக்கு. சனிக்கிழமை நீ முந்நூறு எடுத்தாய். நல்ல ஆட்டம், ரொம்பச் சந்தோஷம். மேம்பாலத்துக் கும்பலில் உன் திரை சாம்பல் நிறமாகிவிட்டது, இன்னொரு தடவை விழுந்தால் அவ்வளவுதான் என்ற நிலையில் இருந்தாய். நான் உன் இடது பக்கம் வந்து நின்றேன். உனக்கு அது தெரிந்திருக்காது, நீ வலது பக்கம் வெட்டிக்கொண்டிருந்தாய். தெரியாமல் இருந்ததே எனக்குத் திருப்தி. இடது பக்கத்தை நீ திரும்பிப் பார்க்கவே இல்லை.

வருகிற சனிக்கிழமை ஒரு ஆட்டம் மாற்றி ஆடுவோம். நீ ஃபுட் நைட் எடு. என் கேடயமும் நெக்லஸும் எப்படிப் பண்பு போட்டிருக்கிறேன் என்று படம் அனுப்புகிறேன், உன்னிடம் இருக்கிற பொருளில் அதே மாதிரி போட்டுக்கொள். ஹெட்போன் கட்டாயம், பின்னால் ஓங்கும் எலிக்குத் தனிச் சத்தம் உண்டு, அதை ஸ்பீக்கரில் பிடிக்க முடியாது. முதல் கும்பலுக்கு வெட்டவே வேண்டாம். தடு, தள்ளு, நில். நான் பெரிய வாளோடு உன் பின்னால் வருகிறேன். உன் ஊர் நேரம் பத்து மணிக்கே வந்துவிடு, உனக்கு ரொம்ப நேரமாகிறது.