முதியோர் உதவித்தொகையில் கை வைக்கவில்லையா?

"முதியோர், மாற்றுத்திறனாளி உதவித்தொகையை மத்திய அரசு குறைக்கவே இல்லை" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தொகையைக் குறைக்கவில்லை, உண்மைதான். ஆனால் உயர்த்தவும் இல்லையே!

60 முதல் 79 வயதுவரை மத்தியப் பங்கு மாதம் 200 ரூபாய். 80 வயதைத் தாண்டினால் 500. அந்த 500 ரூபாய் 2011-ல் நிர்ணயித்தது. மாற்றுத்திறனாளிக்கு 300, 2012 முதல். அதுவும் 80 சதவீத ஊனம் இருந்து, வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தால்தான். ஊன்றுகோலின் அடியில் மாட்டும் ரப்பர் தேய்ந்தால்கூட மாற்றத் தயங்கி, வழுக்கும் தரையில் நடக்கிறவர்களுக்கு இந்தப் பணம்.

விலைவாசி ஏற ஏற, அதே 200 ரூபாய் ஆண்டுதோறும் சுருங்குகிறது. என் கணக்கில் இதுவும் வெட்டுதான். தமிழ்நாட்டில் முதியோருக்குக் கிடைக்கும் 1,200 ரூபாயில் பெரும்பகுதி மாநில அரசின் பணம்.